வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் பேசலாமா, வாத்தியார் மட்டும் பேசினால் போதுமா?

கோட்டை_வாத்தியார்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்து ஆசிரியர்களும் பெற்றோரும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் இங்கே கேட்கிறேன். உங்கள் பள்ளியிலும் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அதில் பிள்ளைகள் எழுத முடியுமா?

நான் பார்த்த முக்கால்வாசி குரூப்பில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுப்பாடம், ஒரு பிடிஎஃப், நாளைக்கு மழை லீவு, பீஸ் கட்டக் கடைசி நாள், அவ்வளவுதான் வரும். பள்ளிச் சுவரில் தொங்கிய நோட்டீஸ் போர்டு போனுக்குள் ஏறிய மாதிரி. அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தேவைதான். ஆனால் கூட்டாகக் கற்கிறார்கள் என்று அதையே ரிப்போர்ட்டில் எழுதி மேலே அனுப்பும்போது மனசு கேட்கவில்லை. ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தி மறுத்து, அவன் ஆதாரம் தேடிக்கொண்டு வந்து, கடைசியில் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று வெளியே வந்தால்தான் அது கூட்டாகக் கற்றது.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில், கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த 1806 வேலூர் புரட்சி வருகிறது. எங்கள் பிள்ளைகள் தினமும் கோட்டை அகழியைத் தாண்டித்தான் பஸ்ஸில் வருகிறார்கள், மக்கான் சிக்னலில் நினைவுத்தூணைப் பார்க்கிறார்கள். ஆனால் பரீட்சைக்கு ஜூலை 10, தலைப்பாகை, கில்லெஸ்பி என்று மூன்று சொல்லை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் பாடத்தை ஐந்து துண்டாக்கி ஐந்து குழுவுக்குக் கொடுத்தேன். சிப்பாய்களுக்குப் போட்ட புதுத் தலைப்பாகை உத்தரவு ஒரு குழு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம் ஒரு குழு, விடியற்காலையில் நடந்தது ஒரு குழு, புரட்சியை அடக்க வெளியிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை ஒரு குழு, அதற்கப்புறம் கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டது வரை கடைசிக் குழு. ஒரு குழு மற்ற நான்கிடமும் கேட்காமல் முழுக்கதையை எழுத முடியாது. இந்த முறை 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது. அங்கே வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு பாடம் என்று வந்ததும் ஒருத்தர் இன்னொருத்தர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டே ஆகவேண்டியதாயிற்று.

எங்கள் குரூப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கில்லெஸ்பி ராணிப்பேட்டையிலிருந்து வந்தார் என்று ஒரு பையன் எழுதினான். இல்லை, ஆற்காடு என்று ஒரு பெண் இரண்டு புத்தகத்தின் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டாள். பாடப்புத்தகத்தைப் பாரு என்று அவன், பார்த்துட்டுத்தான் சொல்றேன் என்று அவள். கொஞ்ச நேரம் சூடாகவே போனது. அப்புறம் வாலாஜா பக்கத்துப் பையன் ஒருத்தன் தாத்தாவிடம் கேட்டு வாய்ஸ் நோட் அனுப்பினான். ஆற்காட்டு முகாம் என்று வெள்ளைக்காரன் சொன்ன குதிரைப்படைத் தளமே பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ராணிப்பேட்டையில்தான் இருந்தது என்று தாத்தா பேசியிருந்தார். உடனே ஒருத்தி மேப்பைத் திறந்து ஆற்றுக்கு இரண்டு கரையிலும் இருக்கிற இரண்டு ஊரையும் வட்டம் போட்டுக் காட்டினாள். இன்னொருத்தன் அங்கிருந்து கோட்டைக்கு 25 கிலோமீட்டர் சொச்சம், குதிரையில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். அத்தனை நேரமும் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

இதை எல்லாப் பாடத்துக்கும் கொண்டுபோக முடியுமா? நீங்கள் செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள். வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.

மூணாவது_பெஞ்ச்

சார், நான் இப்போது காட்பாடியில் காலேஜ் படிக்கிறேன். பிளஸ் டூவில் நாங்களே ஒரு குரூப் வைத்திருந்தோம், அதில் ஆசிரியர் யாரும் கிடையாது. பிசிக்ஸ் கணக்கு ஒன்றைப் போட்டோ எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் யாராவது நோட்டில் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் உண்மையில் படித்தது யார் என்று பார்த்தால் போட்டு அனுப்பின மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் விடையை அப்படியே எடுத்து எழுதிக்கொண்டார்கள். அதிலும் ஒரு பெண் விடையை அனுப்பவே மாட்டாள், ரெண்டாவது ஸ்டெப்பில் எந்த ஃபார்முலா எடுத்தே, அதை அனுப்பு என்று திருப்பிக் கேட்பாள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது யோசித்தால் எனக்குப் பாடம் புரிந்தது அவளால்தான். வாத்தியார் இல்லாவிட்டாலும் அப்படிக் கேட்கிற ஒரு ஆள் குரூப்பில் இருக்க வேண்டும்.

பேரணாம்பட்டு_ரோடு

எல்லாரும் நல்லதாகவே பேசுகிறீர்கள், நான் அம்மாவாகப் பேசுகிறேன். என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கிற ஒரே போன் அவரோடு போய்விடும். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன், என்னிடம் பட்டன் போன்தான். அவர் ராத்திரி வந்து போனைக் கொடுக்கும்போது குரூப்பில் எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். இவள் மேலே தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு, நான் சொல்ல இருந்ததை அவங்க சொல்லிட்டாங்கம்மா என்று படுத்துவிடுவாள். ஒரு பள்ளியில் குரூப்பில் பேசாத பிள்ளைகளை ஆக்டிவ் இல்லை என்று சொல்லி மார்க்கிலும் கை வைத்தார்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி ஆக்டிவாக இருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் நம்பரை அப்படி எடுத்து யாரோ ராத்திரியில் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். தப்பு அனுப்பினவன்மேல், ஆனால் வீட்டில் போனைப் பிடுங்கினது அந்தப் பெண்ணிடம். அதோடு விடவில்லை, படித்தது போதும் என்று நிறுத்தவே பார்த்தார்கள், அவள் பாட்டி சண்டை போட்டுத்தான் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண் பிள்ளை வைத்திருக்கிற வீட்டில் இந்த பயம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது சார். வேலூர் புரட்சியை வகுப்பிலேயே குழு குழுவாக உட்கார வைத்துப் பேச வைக்கலாமே, போன் எதற்கு?

சட்டம்_தெரிஞ்சவன்

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் விதிப்படியே 13 வயதுக்குக் கீழே தானாகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, அதனால் ஆறு ஏழாம் வகுப்புப் பேச்சே வேண்டாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது முடியாதவர் எல்லாரும் குழந்தைதான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-லிருந்து 16 வயதுக்குக் கீழே இன்ஸ்டா, டிக்டாக், யூடியூப் கணக்கே வைத்திருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தடையில் வாட்ஸ்அப்பும் கூகுள் கிளாஸ்ரூமும் சேரவில்லை. பார்த்துக்கொண்டே இரு என்று இழுத்துப் பிடிக்கிற ஆப் வேறு, பேசிக்கொள்ளவும் படிக்கவும் இருக்கிற ஆப் வேறு என்று பிரித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். நாமும் சோசியல் மீடியா என்று மொத்தமாகக் கட்டி ஒரே பேச்சாகப் பேச வேண்டாம்.

பாலாறு_சயின்ஸ்

நான் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள் இருக்கிற பக்கம் அறிவியல் எடுக்கிறேன். போன் எதற்கு என்று அக்கா கேட்டாங்க இல்லையா, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. வகுப்புக்குள் கொண்டுவர முடியாததைக் கொண்டுவரத்தான் போன். வகுப்புக்குள் உட்கார்ந்து பேசக்கூடியதற்கு அது தேவையே இல்லை, அந்த மட்டில் அக்கா சொல்வது சரி.

எங்கள் பிள்ளைகள் செய்தது தண்ணீர். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கினோம். சுற்று முறையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு எடுத்துப்போய் போர்வெல் தண்ணீர், குழாய்த் தண்ணீர், குடிக்கிற தண்ணீர் மூன்றையும் பார்க்க வேண்டும், மீட்டர் காட்டுகிற எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து எந்தத் தெரு, எத்தனை அடி போர் என்று எழுதிப் போட வேண்டும். ஒரு தெருவில் 600 வந்தது, அதற்கு அடுத்த தெருவிலேயே 1900 வந்தது. ஏன் என்று அவர்களே அடித்துக்கொண்டார்கள். போர் ஆழம் என்றான் ஒருத்தன், பழைய ஷாப்புக் கால்வாய் அந்தப் பக்கம்தான் போகிறது என்றாள் ஒருத்தி. ஒரு பையன் 40 என்று போட்டான். எல்லாரும் கைதட்டல் படம் போட்டுக்கொண்டிருக்க ஒருத்தி மட்டும் 'டேய், அது கேன் தண்ணிதானே' என்று கேட்டாள். ஆமாம், ஆர்ஓ தண்ணீர். அங்கிருந்து ஆர்ஓ உப்பை எப்படி எடுக்கிறது, எடுத்த உப்பு எங்கே போகிறது, வெளியே விடுகிற தண்ணீரை அளந்தால் என்ன வரும் என்று போனது. அடுத்த நாள் அதையும் அளந்து போட்டார்கள்.

இந்திய தர நிர்ணயத்தில் குடிநீருக்கு டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. இந்த எண்ணைப் புத்தகத்தில் படித்தால் ஒரு மார்க் கேள்வி. தன் வீட்டு எண் 1900 என்று தெரிந்த பிள்ளைக்கு அது அப்படி இல்லை. அப்புறம் ஒரு பெண் நம்ம தண்ணியில குரோமியம் ஜாஸ்தி, மீட்டரே காட்டுது என்று எழுதினாள். அந்த இடத்தில் நான் உள்ளே போனேன். இந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை எல்லாம் மொத்தமாகத்தான் காட்டும், தோல் பதனிடச் சேர்க்கிற குரோமியத்தைத் தனியாகக் காட்டாது, அதற்கு லேப் வேண்டும் என்று எழுதினேன். வாத்தியார் குரூப்பில் இருக்க வேண்டியது இதற்குத்தான். பத்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு தப்பை நம்பிவிட்டால் அது தனியாக ஒரு பிள்ளை நம்புவதைவிட மோசம், அப்புறம் பிடுங்கவே முடியாது.

தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிக்கிறார்கள். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று அதில் அழுத்திச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி குரூப்பில் போட்டது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். நான் சொல்லாமலேயே செய்தாள்.

ஓய்வு_தலைமையாசிரியர்

தம்பிகளே, குழுவாகக் கற்றல் நமக்குப் புதிது இல்லை. 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் செயல்வழிக் கற்றல் வந்ததே, அட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து தானாகப் படித்தது. அது பிறந்த இடம் நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவில் மதனப்பள்ளி கிட்ட இருக்கிற ரிஷி வேலி பள்ளி. சித்தூர் தாண்டினால் போய்விடலாம், நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே நான் கவனித்தது, அட்டையைவிட யார் யாரோடு உட்காருவது என்பதற்குத்தான் அவ்வளவு யோசித்திருந்தார்கள். தானாகப் படிக்கிற பிள்ளை, கூடப் படிக்கிறவர் உதவியோடு படிக்கிற பிள்ளை, ஆசிரியர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டிய பிள்ளை என்று குழுக்கள் தனித்தனி. உங்கள் குரூப்பில் ஐம்பது பேரை ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் பேசுங்கள் என்றால் வாயுள்ள ஐந்து பேர்தான் பேசுவார்கள். கோட்டைத் தம்பி ஐந்து குழுவாகப் பிரித்தார் என்பதால்தான் அது நடந்தது.

சேர்க்காடு_பிஎட்

ஐயா சொன்ன வாயுள்ள ஐந்து பேர் விஷயத்துக்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2009-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் மோனிக்கா ராங்கின் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 90 பேர் இருந்த வகுப்பில் ட்விட்டரை வைத்துக் கலந்துரையாடல் நடத்தினார். அவ்வளவு பெரிய வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேச நேரம் எங்கே? எழுதுவது என்றதும் எப்போதும் வாயைத் திறக்காதவர்களும் உள்ளே வந்தார்கள். ஆனால் அப்போது ட்விட்டரில் 140 எழுத்துதான், எதையும் ஆழமாகச் சொல்ல இடம் போதாது. நேரில் பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு எழுத்து ஒரு வழி என்பதை நான் பயிற்சிக்குப் போன பள்ளியிலும் பார்த்தேன், முக்கியமாக மலைக்கிராமத்திலிருந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளிடம்.

நம்பர் பிரச்சினைக்கு ஒரு யோசனை. தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்க போன் நம்பர் வேண்டாம், மின்னஞ்சல்கூடக் கட்டாயம் இல்லை, புனைபெயர் போதும். மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும், ஒருத்தன் எழுதி நாற்பது பேர் பெயர் போட்டுக்கொள்ள முடியாது. ஏன் மாற்றினாய் என்று உரையாடல் பக்கத்தில் சண்டை போடலாம். பள்ளியின் ஹைடெக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தே எல்லாம் செய்யலாம், வீட்டுப் போன் தேவையில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் தொடங்க விடாது, அதனால் தினமும் குழுவுக்கு ஒருவராக முன்கூட்டியே தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தை அப்படியே ஏற்றினால் நீக்கிவிடுவார்கள், அதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொந்த வார்த்தையில் எழுதப் பழக்க அதைவிட நல்ல கட்டாயம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டை_வாத்தியார்

எல்லாருக்கும் நன்றி. பேரணாம்பட்டு அக்காவுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், அவங்க கேட்டது அத்தனையும் நியாயம். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது யாரிடம் போன் இருந்தது, யாரிடம் இல்லை என்று நாம் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். ஒன்று முதல் எட்டு வரை பிள்ளைகள் 2021 நவம்பர் வரை பள்ளிக்கே வரவில்லை. அப்போது குரூப்பை விட்டு விலகிப்போன பிள்ளைகளில் சிலர் அப்புறம் வகுப்புக்கும் வரவில்லை. அதனால் போன் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் கிடைக்கிற எதையும் நான் பாடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வகுப்பில் எப்படி வைத்திருக்கிறோம் என்று சொல்கிறேன். பிள்ளைகள் நம்பர் யாருடையதும் குரூப்பில் இல்லை. குழுவுக்கு ஒரு போன், அதுவும் அந்தக் குழுவில் ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ தானாக முன்வந்து எழுதிக் கொடுத்த நம்பர். குழுவைப் பிரிக்கும்போதே ஒரே தெரு, இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளாகப் பார்த்துப் போடுவேன். அவர்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு செய்துதான் ஒரு பதிவு போடுவார்கள். அதனால் பேச்சில் பாதி போனுக்கு வெளியே நடக்கிறது, எனக்கு வேண்டியதும் அதுதான். அந்த 'அட்மின் மட்டும்' பூட்டையும் நான் பயன்படுத்துகிறேன், ஆனால் வேறு மாதிரி. சொன்ன நேரத்துக்குத் திறப்பேன், ஒன்றரை மணி நேரம் கழித்துப் பூட்டிவிடுவேன். ராத்திரியில் யாரும் எதையும் தவறவிட மாட்டார்கள், யாரும் யாருக்கும் அங்கே எழுதவும் முடியாது. எத்தனை மெசேஜ் போட்டார்கள் என்பதற்கு மார்க் கிடையாது. அடுத்த நாள் வகுப்பில் வேறு குழுவின் பகுதியிலிருந்து கேள்வி கேட்பேன், அதற்குத்தான் மார்க்.

பாலாறு சார், உங்கள் தண்ணீர் வேலையை அடுத்த பருவத்தில் எங்கள் பக்கமும் எடுக்க ஆசை. உங்கள் அட்டவணையும் எங்களதும் ஒரே தாளில் சேர்ந்தால் ஆற்றின் மேலும் கீழும் எப்படி மாறுகிறது என்று பிள்ளைகள் பார்க்கலாம். மீட்டரை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பாலாறு_சயின்ஸ்

தாராளமாக. எல்லா மீட்டரையும் முதலில் ஒரே டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், ரொம்ப வித்தியாசம் காட்டுகிறதை ஒதுக்கிவிடுங்கள். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதச் சொல்லுங்கள். கோடையிலும் மழைக்கு அப்புறமும் இரண்டு முறை எடுத்தால்தான் பேச ஏதாவது இருக்கும். தெருப் பெயர் போதும், வீட்டு எண் வேண்டாம்.

பேரணாம்பட்டு_ரோடு

இப்படி என்றால் எனக்கு ஒப்புதல் சார். பெற்றோர் நம்பர் மட்டும், நேரத்துக்குத் திறந்து மூடுவது, இது இரண்டையும் எங்கள் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து கேட்கப் போகிறேன். நீங்கள் எந்த நேரத்தில் திறக்கிறீர்கள்? சாயங்காலம் என்றால் எங்களைப் போன்ற வீட்டில் போன் இருக்காது.

கோட்டை_வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை காலை 10-லிருந்து 11.30 வரை அக்கா. முதலில் சனிக்கிழமை சாயங்காலம் என்று இருந்தது, ஷாப்புக்கும் வண்டிக்கும் போகிற பெற்றோர் சொல்லித்தான் மாற்றினோம். உங்கள் பள்ளியில் கேட்கும்போது நேரத்தைப் பெற்றோரே முடிவு செய்யட்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். ஒப்புதல் கடிதம் தமிழில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், இன்று ராத்திரிக்குள் இங்கேயே போடுகிறேன்.